பட்டான் கல்

சேதுக்கரையில் ஆடி அமாவாசைக்கு இறங்கினால் ஐயர் மூன்று கேள்வி கேட்பார். பேர் என்ன, என்ன உறவு, எந்தத் திதி. என் அப்பா முதல் இரண்டுக்கும் கணீரென்று பதில் சொல்வார். மூன்றாவதற்கு மட்டும் குரல் இறங்கிவிடும். "திதி தெரியாது சாமி. பர்மா சண்டையில போனவரு." ஐயருக்கு அது புதிதில்லை. "அதுக்குத்தானப்பா அமாவாசை" என்று சொல்லித் தர்ப்பையைக் கையில் கொடுப்பார். பிறகு இடுப்பளவு தண்ணீரில் நின்று அப்பா அந்தப் பெயரை மூன்று தடவை சொல்வார். என் அய்யாவின் பெயரை, அப்பாவைப் பெற்றவரின் பெயரை, வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் நான் கேட்டிருக்கிறேன்.

வீட்டில் அந்தப் பெயர் புழங்காது. அப்பத்தா புருஷன் பேரைச் சொல்லமாட்டார். அந்தப் பேரில் தொடங்கும் சாமியைக்கூட வேறு பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் கேட்டபோது, பக்கத்தில் நின்ற பிள்ளையைத் தட்டி "நீ சொல்லுடா" என்றவர். 1987இல் சாகிறவரை அது அவர் வாயிலிருந்து வரவில்லை. அவர் சொல்லாத பெயரை நானும் இந்தக் கட்டுரையில் எழுதப் போவதில்லை. எழுதவேண்டிய இடத்தில் எழுதியாகிவிட்டது. அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முப்பத்திரண்டு வருஷம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தினேன். பானிபட்டில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். திருவாடானைத் தாலுகாவின் ஒரு கிராமத்திலிருந்து ஓர் ஆள் ஏன் பர்மாவில் போய்ச் செத்தான் என்பதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் ஒரு பக்கம் இருந்ததில்லை.

காரணம் சொல்வது கஷ்டமில்லை. எங்கள் சீமை வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம், நிறையாவிட்டால் பனையும் கரியும். அரசு ஊழியரைத் தண்டிக்க நினைத்தால் இங்கேதான் மாற்றுவார்கள் என்று 'தண்ணியில்லாக் காடு' என்றே பேர் வாங்கிய மாவட்டம். இருந்து பசியோடு கிடப்பதா, போய்ப் பிழைப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு தலைமுறைக்கும் வந்தது. போகிற வழி இரண்டு. ஒன்று பட்டாளம், இன்னொன்று கடல். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்களை மண்டபம் கேம்ப்பில் நிறுத்தி, நோய் பார்த்து, குளிப்பாட்டி அனுப்பினார்கள். மலாயாவுக்கு என்றால் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறவேண்டும். 'ரஜூலா' என்ற கப்பலின் பேர் எங்கள் பக்கத்துக் கிழவிகளுக்கு ஏதோ சொந்தக்காரி பேர் போலத் தெரியும்.

அய்யா கங்காணியோடு ரப்பர்த் தோட்டத்துக்குப் போனார். 1938இல் தோட்டக் கூலிகளை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்தியது. அதற்கு முந்தைய வருஷம் அவர் போனது. அப்போது அப்பாவுக்கு இரண்டு வயது. அத்தை அப்பத்தா வயிற்றில்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. அடுத்த வருஷம் ஜூலையில் நேதாஜி அங்கே வந்து இறங்கினார். சரணடைந்த சிப்பாய்களைக் கொண்டு தொடங்கிய இந்திய தேசிய ராணுவத்தில் அதன் பிறகு தோட்டத்துச் சனங்கள் சேர்ந்தார்கள். ரப்பர் பால் எடுத்த கை துப்பாக்கி பிடித்தது. புதிதாகச் சேர்ந்த அந்தச் சாதாரண சனத்தில் பெரும்பங்கு தமிழர்கள். கேப்டன் லட்சுமி நடத்திய ஜான்சி ராணிப் படையிலும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்பிள்ளைகள்தான் மிகுதி. இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் அதில் பலர்.

அய்யா இம்பால் பக்கம் போன படையில் இருந்தார். இவ்வளவும் எங்களுக்குத் தெரிந்தது 1946இல் திரும்பி வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான். அவர் கையில் எதையும் கொண்டுவரவில்லை. ஒரு சட்டை இல்லை, கடிதம் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து அப்பத்தாவிடம் சொன்னாராம்: "பின்வாங்கி வரையில வயித்தால போயிருச்சு ஆத்தா. ஆத்தைத் தாண்டினதும், நீங்க நடங்கப்பான்னுட்டு ஒரு மரத்தடியில உக்காந்துட்டாரு." அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த மரணச் செய்தி. நாள் இல்லை, ஊர் இல்லை, மரத்தின் பேர்கூட இல்லை. பின்னாளில் தியாகி பென்ஷன் வந்தபோது சிறைச் சான்று கேட்டார்கள், கூட இருந்தவரின் சான்று கேட்டார்கள். திண்ணைக்கு வந்த மனிதர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பத்தா மனுவை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்தப் படையில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழும்பியது உண்டு. 1945 ஜூலை 8ஆம் தேதி சிங்கப்பூர்க் கடற்கரையில் எஸ்பிளனேடு திடலில் நேதாஜி அடிக்கல் வைத்தார். போர் தோற்றுக்கொண்டிருந்த நேரம் அது. சில வாரங்களில் கட்டி முடித்தார்கள். இத்திஃபாக், இத்மாத், குர்பானி என்று மூன்று சொல் அதில் பொறித்திருந்தது: ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். செப்டம்பரில் பிரிட்டிஷ் படை திரும்பி வந்தது. மவுண்ட்பேட்டன் உத்தரவில் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. ஐம்பது வருஷம் கழித்து, 1995இல், அதே இடத்தில் சிங்கப்பூர் அரசு ஒரு பலகை வைத்தது. தகர்த்ததன் மாதிரி வடிவம் ஒன்று மணிப்பூரில் மொய்ராங்கில் நிற்கிறது. 1944 ஏப்ரலில் அந்தப் படை இந்திய மண்ணில் கொடி ஏற்றிய ஊர் அது.

அதே சிங்கப்பூரின் கிராஞ்சியில், பிரிட்டிஷ் பக்கம் நின்று இறந்து, அடக்கம் செய்த இடம் தெரியாமல் போன 24,000 பேருக்கு மேல் பெயர் பொறித்த சுவர்கள் இருக்கின்றன. தமிழ்ப் பெயர்களும் அவற்றில் உண்டு. என் அய்யா மாதிரி ஆட்களுக்கு அந்தச் சுவரில் இடமில்லை, ஏனென்றால் அவர்கள் எதிர்ப்படை. ஒரே கிராமத்தில் பிறந்து, ஒரே கண்மாயில் குளித்த இரண்டு பேர் அந்தப் போரில் எதிரெதிரே நின்றிருக்க முடியும். ஒருவன் பேர் கல்லில், மற்றவன் பேர் கடல்தண்ணீரில்.

இந்த இடத்தில்தான் எனக்கு நடுகல் நினைவு வரும். வரலாறு படித்த நாளிலிருந்து என்னை விடாமல் பிடித்திருக்கும் விஷயம் அது. உலகத்தில் பெரும்பாலான பழைய போர்ச் சின்னங்கள் வென்ற அரசனுக்கு நிற்பவை. நம் நடுகல் செத்த ஆளுக்கு நின்றது. அந்த ஆள் தளபதியாக இருக்கவேண்டியதில்லை. ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களை மறித்து விழுந்தவனாக இருந்தால் போதும். தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த கற்கள் தமிழ்பிராமி எழுத்தில் இருப்பவை, கிறிஸ்து பிறப்பதற்கும் முந்தியவை என்று அறிஞர் சொல்கிறார்கள். அவற்றில் ஒன்று, ஆநிரைப் பூசலில் விழுந்தவனின் ஊரையும் பேரையும் சொல்லி, இது அவன் கல் என்று முடிந்துவிடுகிறது. புகழ்ச்சி ஒரு சொல் இல்லை. பின்னால் பல்லவர் காலத்தில் கல் கொஞ்சம் கூடுதலாகப் பேசும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சி ஆண்டு, யார் மகன், யாருடைய சேவகன், எதை மீட்கப் போய் விழுந்தான் என்று சொல்லி, 'பட்டான் கல்' என்று முடியும். பட்டான் என்றால் அடிபட்டு விழுந்தான். உடம்பில் தைத்த அம்புகளையும் சேர்த்தே சிற்பி கொத்தியிருப்பான்.

செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று உண்டு. எருமைகளைக் காத்து விழுந்தவன் கருந்தேவக்கத்தி. அவன் காலடியில் ஒரு நாயைச் செதுக்கி, அதற்கும் தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். நாயின் பேர் கோவிவன். திருடர் இருவரைக் கடித்து, விழுந்தவனைக் காத்து நின்றது என்பது அந்த எழுத்தின் செய்தி. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாயின் பேரை மறக்கக்கூடாது என்று நினைத்த ஊர் அது.

கல் நடுவதற்கு முறை வைத்திருந்தார்கள். தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பது காட்சி, எடுத்து வருவது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, அப்புறம் நடுதல், படையல் போடும் பெரும்படை, வாழ்த்து. கண்ணகிக்கு இமயத்துக் கல் கொண்டுவந்த வஞ்சிக் காண்டத்தில் பெரும்பாலான காதைகளின் பேரே இந்தப் படிகள்தான். ஆறில் எனக்கு நெருக்கமானது நீர்ப்படை. செத்தவனைக் குளிப்பாட்ட உடம்பு கிடைக்காதபோது கல்லைக் குளிப்பாட்டினார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன். வேறு மாதிரி விளக்கம் சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

எங்கள் கிழக்குச் சீமையில் மலை கிடையாது. கருங்கல் வெளியூரிலிருந்து வரவேண்டும். அப்படியும் கண்மாய்க் கரையில், ஊருணி மேட்டில், கோயில் வாசலில் வீரன் கற்களும் சதிக்கற்களும் சாய்ந்து கிடக்கின்றன. பலவற்றில் எழுத்து தேய்ந்துவிட்டது. ஆனாலும் சனங்கள் விடவில்லை. எண்ணெய் பூசி, பட்டு கட்டி, 'பட்டவன்' என்று கும்பிடுகிறார்கள். பட்டான் என்று கல்லில் இருந்த சொல் பட்டவன் என்று சாமியாகிவிட்டது. சிவகங்கைப் பக்கம் கொல்லங்குடி வெட்டுடையார் காளியைப் பற்றி வழங்கும் கதையும் இதே வழிதான். வேலுநாச்சியார் போன திசையைக் காட்டிக்கொடுக்க மறுத்ததால் வெட்டுப்பட்ட உடையாள் என்ற பெண்ணுக்கு நாச்சியார் கல் நட்டு, தன் தாலியைக் காணிக்கையாக வைத்தார் என்கிறார்கள். வேலுநாச்சியார் இராமநாதபுரத்துச் சேதுபதி வீட்டில் பிறந்த பெண். கல் நடும் வழக்கம் அவருக்குப் பிறந்த வீட்டுச் சீதனம்.

இப்படிப்பட்ட மண்ணுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் வேறொரு கல் வந்தது. முதல் உலகப் போர் முடிந்ததும், ஆள் அனுப்பிய ஊர்களில் பளிங்குப் பலகை பதித்தார்கள். இந்தியா முழுக்க ஒரே வாசகம்: இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்குப் போனார்கள், இவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். போன எண்ணிக்கை ஒன்று, போய்ச் சேர்ந்த எண்ணிக்கை ஒன்று. பேர் கிடையாது. கூட்டல் கழித்தல் கணக்குப் போல ஒரு கல்.

வெளிநாட்டில் இன்னும் மோசம். மெசபடோமியாவில் செத்தவர்களுக்காக பஸ்ராவில் 1929இல் பெரிய நினைவுச் சின்னம் திறந்தார்கள். மதராஸ் சாப்பர்கள் உழைத்த போர்முனை அது. வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பேர் இருந்தது. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பேர், மற்றவர்களுக்கு அந்தந்தப் படையின் பேருக்குக் கீழே ஒரு எண். ஆனால் பிரான்சில் நவ் ஷபேலில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பேரை முழுசாகவே வெட்டினார்கள். பஸ்ராவில் பேர் தெரியாமல் விட்டார்கள் என்று சொல்ல வழியில்லை. சம்பளப் பட்டியலில் இருந்த பேர்கள்தானே. நூறு வருஷம் ஆனபின், 2021இல், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் தானே ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை பெயரே பொறிக்கப்படாமல் விடப்பட்டிருக்கலாம் என்றும் அதில் இருந்தது. செய்தித்தாளில் அதைப் படித்த அன்று சோறு இறங்கவில்லை. கோவிவன் நினைவுதான் வந்துகொண்டிருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது, ஆனால் மெதுவாக. 2019இல்தான் டில்லியில் தேசியப் போர் நினைவிடம் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் விழுந்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பேர் கருங்கல்லில் வட்டம் வட்டமாக நிற்கிறது. எங்கள் கரையில் பிறந்த மேஜர் மாரியப்பன் சரவணன் அந்தக் கணக்கில் ஒருவர். 1972இல் இராமேஸ்வரத்தில் பிறந்தவர், பீகார் ரெஜிமென்ட் அதிகாரி. கார்கில் போரின் தொடக்கத்தில், 1999 மே 29 அன்று, படாலிக் பகுதியில் ஜூபார் முகட்டைப் பிடிக்கப் போய் விழுந்தார். உடல் ஒரு மாதத்துக்கு மேல் பனியிலேயே கிடந்தது. வயது இருபத்தாறு. வீர் சக்ரா கொடுத்தார்கள். அவருக்கான நினைவுத்தூண் அவர் வளர்ந்த திருச்சியில், கன்டோன்மென்ட் பகுதியில் இருக்கிறது. திருச்சிக்குப் போகும்போதெல்லாம் அங்கே ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வருவேன். பிறந்த தீவிலும் அவருக்கு ஒரு கல் வேண்டும் என்பது என் ஆசை. காசிக்குப் போனவரும் கடைசியில் வந்து முங்குகிற அக்னி தீர்த்தக்கரையில், பனியில் கிடந்த பிள்ளையின் பேரும் இருக்கட்டும்.

இன்னொருவர் எங்கள் தாலுகாக்காரர். கடுக்கலூர் பழனி, ஹவில்தார், 81ஆவது பீல்டு ரெஜிமென்ட். 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த கைகலப்பில் இறந்த இருபது பேரில் ஒருவர். துப்பாக்கி வெடிக்காத சண்டை அது. கம்பும் கல்லும் கொண்டு நடந்தது. ஆநிரைப் பூசலுக்கும் இதற்கும் இடையே இரண்டாயிரம் வருஷம் இருக்கிறது என்று நம்பக் கஷ்டமாக இருந்தது. கொரோனா ஊரடங்கு நாளில் உடல் ஊருக்கு வந்தது. அவருக்கும் வீர் சக்ரா. அதே வருஷம் லடாக்கில், தௌலத் பேக் ஓல்டி போகும் சாலையோரம், இருபது பேரின் பேரையும் வெட்டி ராணுவம் ஒரு நினைவுச் சின்னம் வைத்தது. பழனியின் பேர் அங்கே பனிக்காற்றில் நிற்கிறது. எங்கள் தாலுகாவில் பேர் படிக்கத் தெரிந்த எல்லாருக்கும் அது தெரியும்.

எளிதாகச் சொல்லமுடியாத ஒன்றும் இருக்கிறது. 1987 முதல் 1990 வரை இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டேயில் அவர்கள் பேர் கல்லில் இருக்கிறது. ஆனால் அந்த வருஷங்களில் படகேறி எங்கள் கரைக்கு வந்து மண்டபம் முகாமில் ஒதுங்கிய சனங்கள், அந்தப் படையால் தங்கள் வீட்டில் விழுந்தவர்களைச் சொல்லி அழுததையும் இந்தக் கரை கேட்டிருக்கிறது. அவர்கள் வீட்டுச் சாவுக்குக் கல் இல்லை. கல்லில் இருக்கும் சிப்பாய்க்கும் தாய் உண்டு. இரண்டு துக்கத்தையும் ஒன்றாக மனசில் வைத்துக்கொள்ள எனக்குப் பல வருஷம் பிடித்தது.

இப்போது எங்கள் பக்கம் கிராமங்களில் பட்டாளத்தில் இறந்த பிள்ளைகளுக்கு வீட்டாரே சிலை வைக்கிறார்கள். மார்பளவுச் சிலை, சிமென்ட் வார்ப்பு, பச்சை உடுப்புக்கு எனாமல் பெயின்ட், மேலே ஒரு சின்னக் கூரை. சிலர் தலைகீழாக நட்ட துப்பாக்கி, அதன்மேல் தலைக்கவசம் என்று வைக்கிறார்கள். 1972இல் இந்தியா கேட்டில் அமர் ஜவான் ஜோதியில் வந்த வடிவம் அது. முகச்சாடை சரியில்லை, மீசை பெரிசு என்று பார்க்கிறவர்கள் குறை சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. பேரும் ஊரும் நாளும் கீழே தெளிவாக எழுதியிருக்கிறது. அம்மா காலையில் விளக்கு வைக்கிறாள். நடுகல்லுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது.

என் தம்பிதான் முதலில் கேட்டான். "அக்கா, அய்யாவுக்கு நாம ஒரு கல் போட்டா என்ன?" அப்பா அப்போது இல்லை. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்பட்டறைக்குப் போனோம். தச்சர் படம் கேட்டார். அய்யாவுக்குப் படம் கிடையாது. "அப்ப முகம் வேணாம்மா. ஆளு நிக்கிற மாதிரி மட்டும் கோடு எடுத்துடுறேன்" என்றார். கையில் என்ன கொடுக்கலாம் என்று யோசித்தோம். தம்பி துப்பாக்கி என்றான். நான் ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் பால்வெட்டுக் கத்தி என்றேன். தச்சர் ரப்பர் மரத்தைப் பார்த்ததில்லை. மரத்தில் சாய்வாகக் கீறி, அடியில் சிரட்டை கட்டிப் பால் வடிப்பார்கள் என்று தரையில் வரைந்து காட்டினேன். மூன்றடிக் கல்லில் அந்தச் சிரட்டையையும் காலடியில் செதுக்கிவிட்டார்.

எழுத்துக்கு நான் பழைய வாய்பாட்டையே எடுத்துக்கொண்டேன். ஊர், தகப்பன் பேர், அவர் பேர், பர்மாவில் பட்டான் கல். "இறந்த தேதி?" என்றார் தச்சர். இல்லை என்றேன். "இடத்தை விட்டு வைக்கவா?" வேண்டாம் என்றேன்.

எங்கள் புஞ்சை ஓரத்தில், ஒற்றைப் பனைக்குப் பக்கத்தில் குழி எடுத்தோம். தம்பி சேதுக்கரையிலிருந்து இரண்டு குடம் கடல்தண்ணீர் வேனில் கொண்டுவந்தான். கல்லைக் கிடத்தி, இரண்டு குடத்தையும் நாங்கள் மாறி மாறி ஊற்றினோம். அத்தைக்கு எண்பத்தேழு வயது. தகப்பன் முகத்தைப் பார்க்காமல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகாதவர். கல் நிமிர்ந்து நின்றதும் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். ஈரம் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

"எங்க ஆத்தா இருக்கு எங்கப்பா பேரு?" என்று என்னிடம் கேட்டார்.

நான் அவர் விரலைப் பிடித்து முதல் எழுத்தின்மேல் வைத்தேன்.